முன்பின் தெரியாத வாசகருக்கு எட்டுப் பக்கம்

ஆய்வு மாநாடு ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை இரவு 11.59 என்று அறிவிப்பில் இருந்தால், திருநெல்வேலியில் அது சனிக்கிழமை மாலை 5.29. அறிவிப்பின் அடியில் 'பூமியில் எங்கிருந்தாலும்' என்று ஒரு குறிப்பு இருக்கும். உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் வெள்ளிக்கிழமை மிச்சம் இருக்கும்வரை அனுப்பலாம் என்பது அதன் பொருள். அந்தக் கடைசி மூலை பசிபிக் கடலில் உள்ள ஆளில்லாத பேக்கர் தீவு. உலகப் பொது நேரத்துக்கு 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது. நாம் அதற்குப் பதினேழரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்தக் கணக்கைத்தான். அந்தச் சனிக்கிழமைப் பகல் முழுக்க அச்சுப் பிழை பார்க்கலாம், மேற்கோள் பட்டியலைச் சரிசெய்யலாம். ஆராய்ச்சியை அன்றைக்குத் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கணினிக்குத் தமிழைப் புரியவைக்கும் வேலையில் ஈடுபட்ட மாணவர்கள் சிலர் ஆண்டுதோறும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுடைய வேலை உலகத்துக்குப் போய்ச் சேருகிற முதல் வாசல் பெரும்பாலும் ஒரு பயிலரங்குதான். பயிலரங்கு என்றால் நம்மூரில் மூன்று நாள் பயிற்சி வகுப்பு, முடிவில் ஒரு சான்றிதழ் என்று நினைப்பார்கள். கணினித் துறையில் அது வேறு. பெரிய மாநாடு ஒன்று நடக்கும்போது, அதையொட்டி முன்பின் நாட்களில் ஒரே பொருளில் ஆர்வமுள்ளவர்கள் தனியாக ஓர் அறையில் கூடுவார்கள். முழுதாக முடியாத வேலையையும் அங்கே வைக்கலாம். கேட்பவர்கள் அதே சிக்கலோடு மல்லுக்கட்டுகிறவர்கள். திராவிட மொழிகளுக்கான பேச்சு, மொழித் தொழில்நுட்பப் பயிலரங்கு இப்படித்தான் 2021-இல் இணையவழியில் தொடங்கியது. பிறகு 2022-இல் டப்ளின், 2023-இல் பல்கேரியாவின் வர்ணா, 2024-இல் மால்ட்டா, 2025-இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி என்று, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெரிய மாநாட்டின் கூடவே நடந்துவருகிறது. தமிழும் மலையாளமும் கன்னடமும் தெலுங்கும் துளுவும் அங்கே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன.

அங்கே போகிற கட்டுரையை முதலில் படிப்பவர்கள் இரண்டு மூன்று மதிப்பாய்வாளர்கள். யாரென்று நமக்குத் தெரியாது, நாம் யாரென்று அவர்களுக்கும் தெரியாது. ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருக்கலாம். மற்றவர் தமிழ் எழுத்தையே பார்த்திராதவராக இருக்கலாம். தன் சொந்த வேலைக்கு நடுவே, சம்பளமில்லாமல், ராத்திரி உட்கார்ந்து படிக்கிறவர். கட்டுரை எழுதுவதிலும் வடிவமைப்பதிலும் உள்ள அத்தனை விதிகளும் அந்த மனிதரை மனத்தில் வைத்தே பிறந்தவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். முன்பின் தெரியாத ஒருவர், நம்மைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லாமல், நாம் சொல்வதைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு வேண்டியதெல்லாம் தாளிலேயே இருக்க வேண்டும்.

ஒரு மாணவியின் வேலையை வைத்தே சொல்கிறேன். தென்மாவட்டத்து யூடியூப் காணொளிகளின் கீழே வருகிற கமென்ட்டுகளைத் திரட்டி, எது வசை, எது வசையல்ல என்று கணினி பிரித்துச் சொல்கிறதா என்று பார்த்தாள். கணினிக்குக் கற்றுக்கொடுக்க முதலில் மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கமென்ட்டுக்கும் குறியிட வேண்டும். நெல்லைக்காரர்கள் இருவர், சென்னையில் வளர்ந்த பெண் ஒருத்தி, ஆக மூன்று பேர் குறியிட்டார்கள். 'செமையா பேசுதலே' என்று ஒரு கமென்ட். நெல்லைக்காரர்கள் இருவரும் பாராட்டு என்று போட்டார்கள். சென்னைப் பெண் வசை என்று போட்டாள். அவள் காதில் 'லே' மரியாதைக் குறைவு. எங்கள் ஊரில் சேக்காளி சேக்காளியைக் கூப்பிடுகிற சொல். அதே 'லே' சண்டையில் வந்தால் மூன்று பேருமே வசை என்றார்கள்.

குறியிட்டவர்கள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதைக் கட்டுரையில் ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். வெறும் சதவீதம் போதாது. இரண்டு பேர் கமென்ட்டைப் படிக்காமலே காசு சுண்டிக் குறியிட்டாலும் பாதி இடங்களில் ஒத்துத்தான் போவார்கள். அந்தத் தற்செயலைக் கழிக்க 1960-இல் ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் ஒரு வழி சொன்னார். கப்பா என்று பெயர். உண்மையில் நூற்றுக்கு 80 ஒத்துப்போய், தற்செயலாகவே 50 ஒத்துப்போயிருக்கும் என்றால், தற்செயலுக்கு மேல் எட்டக்கூடிய 50-இல் 30-ஐ எட்டியிருக்கிறார்கள், கப்பா 0.6. இரண்டு பேருக்கு மேல் குறியிட்டால் கிரிப்பென்டார்ஃப் என்பவரின் ஆல்ஃபா என்ற அளவைப் பயன்படுத்துவது வழக்கம்.

"மேடம், ஒத்துவராத கமென்ட்டை எல்லாம் எடுத்துட்டா ஆல்ஃபா நல்லா ஏறுது" என்றாள்.

"ஏறும்மா. ஆனா நீ கண்டுபிடிச்ச விஷயமே அதுலதானே இருக்கு?"

அந்தக் கமென்ட்டுகளைத் தனி அட்டவணையாக்கினாள். எது ஏன் மாறுபட்டது, கடைசியில் எந்த விதிப்படி முடிவுசெய்தோம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினாள். கட்டுரைக்கு உயிர் வந்தது அங்கேதான்.

இதனால்தான் எழுதத் தொடங்கும்போது முன்னுரையைத் தொடவே நான் விடுவதில்லை. 'இன்றைய நவீன உலகில் சமூக ஊடகங்களின் பங்கு' என்று தொடங்குகிற பத்தி யாருக்கும் எதையும் சொல்வதில்லை. முதலில் அட்டவணைகள், பிறகு அவற்றை விளக்கும் பத்திகள், அதன்பின் எப்படிச் செய்தோம் என்ற பகுதி. முன்னுரையும் சுருக்கமும் கடைசியில். அட்டவணையில் எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதிலும் நேர்மை வேண்டும். நூறு கமென்ட்டில் 80 வசையில்லாதவை என்று வைத்துக்கொள்வோம். எதைக் கொடுத்தாலும் 'வசை இல்லை' என்று சொல்லும் நிரலுக்கும் துல்லியம் 80 சதவீதம் வந்துவிடும், ஒரு வசையைக்கூடப் பிடிக்காமலே. ஆகவே வகைவாரியாகத் தனித்தனியே மதிப்பெண் போட்டுச் சராசரி எடுத்துக் காட்ட வேண்டும். எண் இறங்கும். இறங்கட்டும்.

இனி வடிவம். கணினி மொழியியல் கழகத்தின் மாநாடுகளும், அவற்றையொட்டிய பயிலரங்குகளும் ஒரே வார்ப்பைத்தான் பயன்படுத்துகின்றன. ஏ4 தாள், நான்கு பக்கமும் இரண்டரை செ.மீ. ஓரம், 7.7 செ.மீ. அகலத்தில் இரண்டு பத்தி, நடுவில் 0.6 செ.மீ. இடைவெளி. உடல்பகுதி எழுத்து 11 புள்ளி, சுருக்கம் 10, தலைப்பு 15. நெடுங்கட்டுரை 8 பக்கம், குறுங்கட்டுரை 4 பக்கம். மேற்கோள் பட்டியல் கணக்கில் வராது. கெடுபிடி போலத் தெரியும். ஆனால் எட்டுப் பக்கம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு இடம். பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியருக்கும் எங்கள் இரண்டாமாண்டு முதுகலை மாணவிக்கும் அதே எட்டு. எழுத்தைக் கொஞ்சம் சுருக்கி, வரிகளை நெருக்கி, ஓரத்தில் திருட்டுத்தனமாக இடம் பிடிக்கிறவர்களின் கட்டுரையைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

இந்த வார்ப்பு லேடெக் என்ற மென்பொருளில் இயங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்டு நூத், தன் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்காக 1977-இல் வந்த அச்சுப்படிகளின் எழுத்துத் தரத்தைப் பார்த்து மனம் நொந்து, தானே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். அதன்மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் கட்டியது லேடெக். இரண்டும் இலவசம். வேர்டில் பழகிய மாணவர்கள் முதலில் திணறுவார்கள். அங்கே எழுத்தைத் தடிமனாக்கு, பெரிதாக்கு என்று கையாலேயே செய்கிறோம். லேடெக்கில் 'இது பகுதித் தலைப்பு', 'இது அட்டவணை' என்று மட்டும் சொன்னால் போதும். எங்கே, எந்த அளவில் என்பதை வார்ப்பு பார்த்துக்கொள்ளும். எண்வரிசையும் அப்படித்தான். நடுவில் ஓர் அட்டவணையைச் சேர்த்தால் பின்னால் உள்ள எண்களெல்லாம் தாமே மாறிக்கொள்ளும். ஓவர்லீஃப் என்ற இணையதளத்தில் எதையும் நிறுவாமலே இதில் எழுதலாம். சொந்தக் கணினி இல்லாத பிள்ளைகள் கல்லூரி ஆய்வகத்தில் பாதியும் பிரவுசிங் சென்டரில் பாதியுமாக எழுதி முடித்திருக்கிறார்கள்.

தமிழை உள்ளே கொண்டுவரும்போதுதான் சோதனை. ஆங்கிலத்துக்கென்றே வளர்ந்த பழைய லேடெக் இயந்திரம் தமிழ் எழுத்தைக் கண்டால் 'இந்த எழுத்துக்கு ஏற்பாடு இல்லை' என்று பிழை காட்டி நின்றுவிடும். 2004-இல் ஜொனாதன் கியூ எழுதிய ஸீடெக், பிறகு வந்த லுவாடெக் ஆகியவை யூனிகோடைப் படிக்கும். லுவாடெக்கில் ஒரு கண்ணி உண்டு. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அடுத்துக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. தாளில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்கிற ஹார்ஃப்பஸ் என்ற நிரலை அழைக்கச் சொல்லாவிட்டால், கொம்பு இடம் மாறி நிற்கக்கூடும். எழுத்துரு அறிவிப்பில் இரண்டே இரண்டு அமைப்புகள்: எழுத்துமுறை தமிழ், வரைவி ஹார்ஃப்பஸ். அதைச் சேர்த்தால் தீர்ந்தது. பிறகு பத்தி அகலம். 7.7 செ.மீ. இடத்தில் 'கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்' போன்ற ஒரு சொல் வந்து உட்கார்ந்தால் வரி ஓரத்தைத் தாண்டும். தமிழுக்கான ஒடிப்பு விதிகளை இயக்க வேண்டும், அல்லது எங்கே ஒடிக்கலாம் என்று நாமே குறித்துக்கொடுக்க வேண்டும்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து சிலர் தமிழ் எடுத்துக்காட்டைத் திரையிலிருந்து படமாகப் பிடித்து ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் சமரசமே கிடையாது. படத்தில் உள்ள தமிழைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, நகலெடுக்க முடியாது, பார்வையற்றவரின் வாசிப்பு மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். இன்னும் சிலர் தமிழை அடியோடு விட்டுவிட்டு ரோமன் எழுத்தில் மட்டும், அதுவும் மேலும் கீழும் குறியில்லாமல் எழுதுகிறார்கள். வலை, வளை, வாலை, வாளை, வாழை ஐந்தும் ஒரே மாதிரி வந்து நிற்கும். இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 15919 என்ற தரம் 2001-இல் வந்தது. ளகரத்துக்கு எல் எழுத்தின் அடியில் புள்ளி, ழகரத்துக்கு அடியில் கோடு, நெடிலுக்கு மேலே கோடு. தமிழைப் பற்றிய கட்டுரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டும். அதைச் செய்ய நம்மைவிட்டால் வேறு யாரும் வரப்போவதில்லை.

தமிழ் தெரியாத மதிப்பாய்வாளருக்காக மொழியியலாளர்கள் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். லைப்சிக் விதிகள் என்பார்கள். முதல் வரியில் உறுப்பு உறுப்பாகப் பிரித்த சொல், அடுத்த வரியில் அதன் நேர்கீழே ஒவ்வோர் உறுப்பின் வேலை, கடைசி வரியில் முழு வாக்கியத்தின் பொருள். 'வந்துட்டேம்லே' என்பதை அந்த மாணவி இப்படிப் பிரித்தாள்: 'வந்து' வினையெச்சம், 'ட்ட்' என்பதில் 'விடு' துணைவினையும் இறந்தகாலமும் ஒட்டிக் கிடக்கின்றன, 'ஏன்' தன்மை ஒருமை, 'லே'க்கு முன்னால் அதன் னகரம் மகரமாகியிருக்கிறது, 'லே' ஆணை நோக்கிய விளி, நெருக்கம் அல்லது கோபம். அந்த ஒற்றை எடுத்துக்காட்டைப் பார்த்தால், பிரேசிலில் இருப்பவருக்கும் சிக்கல் எங்கே என்று விளங்கிவிடும்.

மேற்கோள் பட்டியலைக் கணினியே அடுக்கித் தரும், ஆனால் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. தலைப்பில் முதல் எழுத்தைத் தவிர மற்றதையெல்லாம் சிறிய எழுத்தாக்குவது இந்த வார்ப்பின் வழக்கம். 'தமிழ்' என்ற பெயரும் ஆங்கிலத்தில் சிறிய டி-யோடு வந்து நிற்கும். அந்தச் சொல்லைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி போட்டால் அது தப்பும். அதைவிடப் பெரிய குளறுபடி நம் பெயர்களில். பெயரின் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று மென்பொருள் நினைத்துக்கொள்கிறது. 'கவிதா எம்.' என்று ஒருவர் எழுதியிருந்தால், மற்றவர்களின் கட்டுரையில் அவர் 'எம்., 2022' என்று ஆகிவிடுவார். அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துதான் மிஞ்சும். உழைத்த பெண்ணின் பெயர் காணாமல் போகும். முதல் கட்டுரை அனுப்பும் முன்பே, தன் பெயர் காலத்துக்கும் எப்படி அச்சாக வேண்டும் என்று முடிவுசெய்துகொள்ளச் சொல்கிறேன். முதலெழுத்தை முன்னால் போடலாம், அல்லது அப்பா பெயரையோ அம்மா பெயரையோ முழுதாக எழுதலாம். எதுவானாலும் எல்லாக் கட்டுரைகளிலும் அதே.

மதிப்பாய்வுக்குப் போகும் படியில் அந்தப் பெயரே இருக்கக் கூடாது என்பது வேறு விஷயம். கல்லூரிப் பெயர், நன்றியுரை, தரவு வைத்திருக்கும் இணைய முகவரி எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். 'எங்கள் முந்தைய கட்டுரையில்' என்று எழுதினாலும் குட்டு உடைந்துவிடும். வேறு யாரோ எழுதியது போலத்தான் குறிப்பிட வேண்டும். சிறிய ஊர், கேள்விப்படாத கல்லூரி என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் எழவே வழியில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய கொடை.

இ.எம்.என்.எல்.பி. என்ற கணினி மொழியியல் மாநாடு 2022-ஆம் ஆண்டில் ஒரு விதியைக் கட்டாயமாக்கியது: கட்டுரையின் முடிவில் 'வரம்புகள்' என்ற தலைப்பில், தன் ஆய்வு எதைச் சாதிக்கவில்லை என்று எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கட்டுரை திரும்பிவிடும். இந்தப் பகுதி பக்கக் கணக்கில் சேராது. பிறகு மற்ற மாநாடுகளுக்கும் அது பரவியது. மாணவர்கள் இதை எழுதத் தயங்குவார்கள். குறையை நாமே காட்டிக்கொடுப்பதா என்று. 'இன்னும் அதிகத் தரவு தேவை' என்று ஒரு வரியில் ஒதுங்கப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் மதிப்பாய்வாளர் கூர்ந்து படிக்கிற இடமே இதுதான். மாணவி எழுதியதில் இவையெல்லாம் இருந்தன: குறியிட்டவர்கள் மூவரும் கல்லூரி படித்த இளைஞர்கள், வயதானவர்கள் 'லே'யை எப்படிக் கேட்பார்கள் என்று சோதிக்கவில்லை, கமென்ட் போட்டவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிய வழியில்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பேச்சுகளுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. நான்கும் உண்மை, நான்கும் அடுத்து வருகிறவருக்கு வேலை வைத்திருக்கின்றன.

கட்டுரை ஏற்கப்பட்டால் திருத்தியனுப்பக் கூடுதலாக ஒரு பக்கம் தருவார்கள். மதிப்பாய்வாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் அந்த இடம். முன்பெல்லாம் இந்தக் கடைசிப் படிக்காக ஆசிரியர்கள் தாங்களே தட்டச்சு செய்த தாள்களைத் தபாலில் அனுப்ப, அவற்றை அப்படியே படம்பிடித்து அச்சிட்டார்கள். எங்கே எழுத்து நிற்க வேண்டும் என்று காட்டும் கோடுகள் வெளிர்நீலத்தில் இருக்கும். அந்த நீலம் படச்சுருளில் விழாது. இன்றைக்கு ஒரு நிரல் பிடிஎஃப் கோப்பின் ஓரங்களை அளந்து, எழுத்து எங்கே வெளியே நீட்டுகிறது என்று பக்க எண்ணோடு சொல்லிவிடுகிறது. அது பார்க்காத ஒன்றை நாம்தான் பார்க்க வேண்டும்: கோப்பை வேறொரு கணினியிலும் கைப்பேசியிலும் திறந்து, தமிழ் எழுத்துகள் உடையாமல் இருக்கின்றனவா, நகலெடுத்து ஒட்டினால் அதே சொல் வருகிறதா என்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வந்த தமிழ் ஆய்வுகளில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

அச்சானதும் கட்டுரை கணினி மொழியியல் கழகத்தின் ஆவணக் களஞ்சியத்தில் சேரும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம். அந்த மாணவியின் கட்டுரை சேர்ந்து சில மாதம் கழித்துக் கேரளத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவர் அவளுக்கு எழுதினார். மலையாளக் கமென்ட்டுகளில் 'எடா' என்ற விளி இதே பாடு படுத்துகிறதாம், உங்கள் குறியிடல் விதிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாக, பின்னிணைப்பில் 'லே' வருகிற இடத்தில் 'எடா' என்று வைத்துப் பாருங்கள், எங்கெல்லாம் பொருந்தவில்லையோ அதை எங்களுக்கு எழுதுங்கள் என்று அவள் அன்றைக்கே பதில் போட்டாள்.